பெயரை விட்டுக் குளத்தைப் பிடியுங்கள்: வன்னியில் பூட்டன் வழி தேடுவோருக்கு

கனடாவிலிருக்கும் என் சித்தப்பாவின் மகள் ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "அண்ணா, எங்கட குடும்பப் பெயர் எங்கயிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில எழுதிக்கொண்டு வரச் சொன்னவை." அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது எங்கள் அப்பப்பாவின் பெயர். பிரான்சிலுள்ள பெரியப்பாவின் பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியப்பாவின் பெயர். கிளிநொச்சியில் இருக்கும் எனக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும். ஒரே அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள் மூன்று வீட்டாருக்கு மூன்று 'குடும்பப் பெயர்'. இதில் எதற்கு மூலம் தேடுவது?

அதற்குப் பதில் எழுதப் போனவன், ஆறு வருடமாக இந்த வேலையிலேயே கிடக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான் சுற்றிய சுற்றெல்லாம் சுற்றவேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். வன்னியில் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு தலைமுறையில் கயிறு அறுந்துவிடும். இடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் நாலைந்து தலைமுறை போகலாம். எந்தக் குளத்துத் தண்ணீரில் விதைத்தார்கள், எந்தக் கோயிலில் பொங்கினார்கள், எந்த ஆண்டில் எங்கிருந்து எழும்பி வந்தார்கள்: இங்கே குடும்பப் பெயர் என்றால் இவைதான்.

வீட்டிலுள்ள கடுதாசியிலிருந்து தொடங்குங்கள்

யாரையும் கேட்கப் போகமுன் உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வையுங்கள். பலர் தங்கள் பெயரும் திகதியும் சரியா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். கீழே போய்ப் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கூடு இருக்கும். தந்தை இலங்கையில் பிறக்காதவராக இருந்தால் பூட்டனின் விவரம் எழுத அதற்கடுத்த கூடு. எங்கள் வம்சத்தில் உள்ள அக்கறையால் அச்சடித்த கூடுகள் அல்ல இவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. படிவமும் அதையே கேட்கிறது. மலையகத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களாகக் காரணமான அதே கேள்வி இன்றைக்கு நமக்கு ஒரு பூட்டனின் பெயரைக் கொடுத்துவிடுகிறது. சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

உங்களுடையதில் அந்தக் கூடு வெறுமையாக இருந்தால் சோராதீர்கள். அண்ணன், அக்கா, அப்பாவின் தம்பி பிள்ளைகள் எல்லோருடையதையும் வாங்கிப் பாருங்கள். ஒரே வீட்டில் மூத்தவனின் பதிவில் பாட்டன் பெயர் இருக்கும், இளையவளின் பதிவில் கோடு போட்டிருக்கும். பதிவுக்கு யார் போனார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது. அப்பா போயிருந்தால் தன் தகப்பன் பெயர் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து விவரம் போயிருந்தால் அரைகுறையாகத்தான் இருக்கும்.

அடுத்து விவாகப் பதிவு. அம்மம்மாவின் கலியாணப் பதிவு ஒன்று கிடைத்தால், மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் பெண்ணின் தகப்பன் பெயரும் தொழிலோடு அதில் இருக்கும். ஒரு தாளில் இரண்டு பூட்டன்கள். ஆனால் அந்தக்காலத்தில் தாலி கட்டிச் சோறு குடுத்தால் கலியாணம் முடிந்தது. பதிவுக்குப் போகாதவர்கள் ஏராளம். அதனால் சில பிறப்புப் பதிவுகளில் 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்ற இடத்தில் 'இல்லை' என்று கிடக்கும். அதைக் கண்டு வேறு கதை கட்டாதீர்கள், வயது போனவர்கள் முன்னால் வாசித்தும் காட்டாதீர்கள். நான் காட்டினேன். அம்மம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பழைய அடையாள அட்டையும் உதவும். 1972இலிருந்து வழங்கப்பட்ட ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 42512 என்று தொடங்கும் அட்டை 1942ஆம் ஆண்டு தை 12இல் பிறந்த பெண்ணுடையது. ஆனால் பிறப்புப் பதிவு இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழ் வைத்து அட்டை எடுத்தவர்களுக்கு அந்த நாளும் உத்தேசம்தான்.

பெட்டிக்குள் சாதகக் குறிப்பு கிடந்தால் அதையும் விடாதீர்கள். அதில் ஆங்கில ஆண்டு இல்லாமல் 'விரோதி வருடம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விரோதி 1889இலும் வந்தது, 1949இலும் வந்தது, 2009இலும் வந்தது. கடைசியாக வந்த விரோதி எப்படிப்பட்டதென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அறுபதைக் கூட்டியோ கழித்தோ எது பொருந்துகிறதென்று பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்மானியுங்கள்.

கேட்கத் தெரியவேண்டும்

பத்திரங்கள் பத்து வருடம் கழித்தும் கிடைக்கலாம். எண்பத்தாறு வயதுப் பெரியம்மா கிடைக்கமாட்டா. எனவே வீட்டுக் கடுதாசியைப் பார்த்த கையோடு ஆட்களிடம் போய்விடுங்கள், அலுவலகங்கள் பிறகு.

"உங்கட பூட்டன்ர பெயர் என்ன?" என்று நேரே கேட்டால் "ஆருக்குத் தெரியும் மோனை" என்ற பதில்தான் வரும். நினைவு பெயராய் அடுக்கிக் கிடப்பதில்லை. வளவாய், வயலாய், செத்தவீடாய், கலியாணவீடாய்க் கிடக்கிறது. "சின்னனில எந்த வளவில இருந்தனீங்கள்? பக்கத்து வளவு ஆற்ற? வயலுக்குத் தண்ணி எந்தக் குளத்தால வந்தது? பொங்கலுக்கு ஆர் வீட்டில நேர்ந்த கிடாய் வளர்த்தவை?" இப்படிப் போங்கள். பக்கத்து வளவுக்காரர் பெரும்பாலும் பெரியப்பன் மகனாகத்தான் இருப்பார், ஏனென்றால் அது ஒரு வளவாய் இருந்து பிரிந்தது.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் தங்கள் தகப்பன் வழியை மட்டும் சொல்லி, பெண் பக்கத்தை 'அவை முள்ளியவளைப் பக்கம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆர் ஆரை எடுத்தது, ஆர் மாறிச் செய்தது, ஆருக்கு எந்தக் காணி சீதனம் என்பதெல்லாம் பெண்களின் கணக்குப் புத்தகம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது "எத்தனை பிள்ளையள்?" என்று கேட்காதீர்கள். உயிரோடிருப்பவர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். "எத்தனை பெத்தவ, எத்தனை தங்கினது?" என்று கேளுங்கள். 1940களில் டிடிரி மருந்தடிப்புத் தொடங்கும்வரை மலேரியாக் காய்ச்சல் வன்னிக் கிராமங்களைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கிடையே ஏழு வருட இடைவெளி இருந்தால் நடுவில் யாரோ இருந்திருக்கிறார்கள்.

உறவுச்சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பேச்சில் 'பேரன்' என்றால் மகனின் மகனும்தான், தகப்பனின் தகப்பனும்தான். 'பேத்தி'யும் அப்படியே. ஒலிப்பதிவில் "என்ர பேரன் வெட்டின காடு" என்று இருந்தால் கேட்கிற நேரத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சொன்னவருக்கு இரண்டு தலைமுறை மேலே இருக்கவேண்டிய ஒருவரை நான் இரண்டு தலைமுறை கீழே போட்டு மூன்று மாதம் வைத்திருந்தேன். 'அண்ணன்' என்றால் கூடப்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா, இரண்டுவிட்டவரா என்பதையும் கேட்டே எழுதுங்கள். பூட்டன் பூட்டிக்கு மேலே ஊருக்கு ஊர் சொல் மாறும்; அங்கே உறவுச்சொல்லை விட்டுவிட்டு 'பூட்டனின் தகப்பன்' என்றே எழுதுவது நல்லது.

ஆண்டு கேட்டால் தெரியாது. சம்பவத்தோடு சேர்த்துக் கேட்டால் தெரியும். "ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு முன்னமா பின்னமா? அறுபத்துநாலு மார்கழிப் புயலடிக்கேக்க நீங்கள் கைக்குழந்தையா, நடந்து திரிஞ்சனீங்களா?" 1977, 1983, 1990, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 1996 கிளிநொச்சி இடப்பெயர்வு, 2004 சுனாமி. இந்த அளவுகோல் வன்னியில் எல்லா வீட்டிலும் உண்டு.

2009 என்ற கடைசி அளவுகோலை மட்டும் கவனமாகத் தொடுங்கள். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம் என்று ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கொப்பாட்டனைப் பற்றிக் கேட்கப் போய் அந்த வரிசைக்குள் இறங்கிவிடுவீர்கள். இறங்கினால் றெக்கோடரை நிறுத்துங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வேறொரு நாள் வாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர் உள்ள வீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இறந்த ஆண்டு என்று எதையும் நீங்களாக எழுதாதீர்கள். மரணச் சான்றிதழ் எடுத்த வீடும் உண்டு, எடுக்கவே மாட்டோம் என்ற வீடும் உண்டு. அவர்கள் சொல்வதுபடி எழுதுங்கள்.

இன்னொரு வழி: ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு விரதம் பிடித்துத் தர்ப்பணம் கொடுக்கிறவர் யாரென்று பாருங்கள். ஐயர் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். வருடா வருடம் சொல்லிப் பழகிய நாக்கு, மறந்திருக்காது. திருக்கேதீச்சரத்துப் பாலாவிக் கரையிலோ முல்லைத்தீவுக் கடற்கரையிலோ நிற்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் என்ன சொல்லும்?

தகப்பன் பெயரை முன்னால் வைப்பதுதான் எங்கள் முறை. மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம் அதோடு சேர்ந்தால் தலை சுற்றும். எடுத்துக்காட்டாக, வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை, அவர் மகன் திரும்பக் கந்தையா. உறுதியில் 'வே. கந்தையா' என்று கண்டால் எந்தக் கந்தையா? பெயரோடு மனைவி பெயரையும் காணியின் பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள்.

ஆங்கில எழுத்தில் தேடும்போது இன்னும் சங்கடம். சின்னத்தம்பி ஒரு பத்திரத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்குவார், இன்னொன்றில் 'சி' எழுத்தில்; முடிவில் ஓரிடத்தில் 'வை', வேறோரிடத்தில் 'ஐ'. ஒரு பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டலை முதலே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

பெயரைவிட அடைமொழி அதிகம் பேசும். 'விதானையார் வீடு', 'உடையார் வளவு', 'பரியாரியார் பகுதி', 'அண்ணாவியார் பேரன்', 'சம்மாட்டியார் ஆக்கள்'. விதானை என்ற ஊர்த் தலைமைப் பதவி 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார். ஆகவே விதானையார் என்ற பட்டம் அதற்கு முந்திய ஒருவரைச் சுட்டும், அவர் அரசாங்கக் கடுதாசிகளில் அகப்படக்கூடியவர். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பிடியுங்கள். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடிய வரிசை சிலருக்கு மனப்பாடம்.

வன்னியில் உண்மையாகவே பரம்பரைப் பெயர் உள்ளவர்கள் மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கரில்தான் அதிகம். குரூஸ், பர்னாந்து, பீரிஸ் போன்றவை 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தவை. பெயரை வைத்து 'நாங்கள் போர்த்துக்கேய இரத்தம்' என்று சொல்லித் திரிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் ஞானஸ்நானத்துக்குத்தான் சாட்சி, இரத்தத்துக்கு அல்ல.

உங்கள் ஆட்கள் எந்த வழியால் வந்தவர்கள்?

தேடலின் நடுமுள் இதுதான். வன்னியில் இன்றிருக்கும் குடும்பங்களில் பெரும்பகுதி எங்கிருந்தோ வந்தவை. எந்த வழியென்று தெரிந்தால்தான் எந்த ஏட்டைத் தேடுவதென்று தெரியும்.

பழைய வன்னிக் கிராமத்தவர் என்றால், இன்றைய மாவட்ட எல்லைகளை மறந்துவிடுங்கள். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் கடைசியில், கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்திய பத்திரங்களில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்துக்குள்ளும் முல்லைத்தீவின் பெரும்பகுதி வவுனியாவுக்குள்ளும் கிடக்கும். இன்னும் பின்னே போனால் பற்றுகள் என்ற பழைய நிர்வாகப் பிரிவுகள்தான்: பனங்காமம், கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, முள்ளியவளை. இவை வன்னிமைகளின் பெயர்கள். ஒல்லாந்தருக்கு யானை திறை கொடுத்த தலைவர்களின் பகுதிகள். ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல் அந்தக்காலத்துப் பற்றுகளையும் ஊர்களையும் விளங்கிக்கொள்ள நல்ல துணை. உங்கள் பூட்டன் பெயர் அதில் இருக்குமென்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வழியினருக்குக் கோயில்தான் பதிவேடு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் பாக்குத் தெண்டல், கடல் தீர்த்தம் எடுத்தல், மடைப்பண்டம் எடுத்தல் என ஒவ்வொரு தொழும்புக்கும் உரித்தான ஆட்கள் உண்டு. 'அவற்ற தகப்பனுக்கு முன்னம் ஆர் செய்தது?' என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு வரிசை வரும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர், புதூர் நாகதம்பிரான், புளியம்பொக்கணை நாகதம்பிரான் போன்ற கோயில்களிலும் இப்படி நேர்த்தி, திருவிழா உபயம் என்று குடும்பக் கணக்குகள் உண்டு. பெரிய கோயில் இல்லையென்றால் குளக்கட்டு ஐயனார், வைரவர். எந்த மரத்தடியில் யார் பொங்குகிறார்கள் என்று பாருங்கள். ஊரை விட்டு நாற்பது வருடமாகியும் ஒரு குடும்பம் ஒரு குறிப்பிட்ட மரத்தடிக்கே பொங்கப் போகிறதென்றால், அவர்கள் வேர் அங்கேதான்.

குடியேற்றக்காரர் வழி வேறு. இரணைமடுவின் கீழ் கிளிநொச்சி, உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், பிறகு வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று குளங்களைத் திருத்தித் திருத்தி யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இவர்களுக்கு உயிர்நாடி பேர்மிட். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் முதல் காணி எடுத்தவர் பெயர் இருக்கும், அவர் யாரைப் பின்னுரித்தாளராக வைத்தார் என்பதும் இருக்கும். கையிலிருந்த பேர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகக் காணிப் பகுதியில் பேரேடு உண்டு. காணி கொடுக்க ஆட்களைத் தெரிவுசெய்த காணிக் கச்சேரியில் எந்த ஊரார் என்று சொல்லி விண்ணப்பித்தார்கள் என்று கேளுங்கள். 'பத்தாம் வாய்க்கால்' என்பது குடியேறிய இடம். 'புங்குடுதீவு' அல்லது 'கரவெட்டி' என்ற சொல் வந்தவுடன் தேடல் அங்கே மாறிவிடும்.

அங்கே உறுதிகள்தான் பேசும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்குப் பழகிய மண். அந்த வழக்கத்தை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள். முதுசமா, சீதனமா, கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்த தேடிய தேட்டமா என்று பிரிக்காமல் அங்கே காணி கைமாறாது. முதுசம் தகப்பன் வழியைக் காட்டும், சீதனம் பெண் வழியைக் காட்டும். உறுதியின் முன்பகுதியில் 'எனக்கு இன்னாரால் இந்த ஆண்டு இந்த இலக்க உறுதிப்படி கிடைத்த' என்றிருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்துக் காணிப் பதிவகத்தில் முந்திய உறுதியை எடுங்கள், அதிலிருந்து அதற்கும் முந்தியதை. நாலு எல்லையையும் விடாமல் எழுதுங்கள். எல்லைக்காரரில் ஒருவர் பெரும்பாலும் சகோதரம்.

மலையகத்திலிருந்து வந்தவர்கள் 1958, 1977, 1983 என்ற அலைகளில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் இருக்கிறார்கள். இவர்கள் பலருக்குத் தங்கள் வரலாறு தோட்டத்தோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம். முடியாது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தக் கங்காணியின் கீழ் என்ற மூன்றையும் எடுங்கள். கங்காணி தன் ஊர்ப் பக்கத்து ஆட்களையே கூட்டிவந்ததால் அவர் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் அண்டையில் இருக்கும்: திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கங்கள். 'தாது வருசப் பஞ்சத்தில வந்தது' என்று கதை இருந்தால் அது 1876ஐ ஒட்டிய காலம். அன்று மன்னாரில் இறங்கி இதே வன்னிக் காட்டின் ஓரத்தால் மாத்தளைவரை நடந்தவர்கள் அவர்கள். தலைமன்னார் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் 1914இல்தான் வந்தன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சொந்தங்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கலாம். அவர்கள் கையிலிருக்கும் பழைய பாஸ்போட்டிலும் குடும்ப அட்டையிலும் ஊரும் பாட்டன் பெயரும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. பிறப்புப் பதிவில் 'இந்தியத் தமிழர்' என்றிருந்த தகப்பனின் பிள்ளைக்கு வன்னியில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்திருக்கும். அதைப் பார்த்து வேறு குடும்பமென்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கரைச்சல் வரக்கூடாதென்று தகப்பன் எடுத்த முடிவு அது.

கத்தோலிக்கர் கொடுத்துவைத்தவர்கள். அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1860களின் கடைசியில்தான் தொடங்கியது. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு சில இடங்களில் அதற்கும் பின்னே போகும். தாய் தகப்பன் பெயரோடு ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரும் இருக்கும்; அவர்கள் பெரும்பாலும் மாமன் மாமி. மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல். அதற்கு முன் எல்லாம் யாழ்ப்பாண ஆயரின் கீழ். எனவே இரண்டு இடத்திலும் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு விவாகப் பதிவும் பள்ளிவாசல் ஏடும் முக்கியம். ஊரில் கிடைக்காதது புத்தளத்தில் குடியமர்ந்த பெரியவர்களின் நினைவில் இருக்கும்.

செத்தவீட்டுக் கடுதாசி

நான் அலுவலகங்களில் பெற்றதைவிடக் கல்வெட்டுகளில் பெற்றது அதிகம். கல்லில் வெட்டியதல்ல, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம். தேவாரம் திருவாசகத்துக்குப் பிறகு வெண்பாவும் விருத்தமுமாகச் செத்தவரின் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் அடுக்கியிருப்பார்கள். சிலதில் வம்சாவளிப் படமே இருக்கும். பாட்டு எழுதிய புலவர் எதுகைக்காகச் சிலரைத் தள்ளி வைத்திருக்கலாம், அது வேறு. நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவுமலர்கள் நிறைய உண்டு; ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

பத்திரிகை மரண அறிவித்தலையும் வெட்டி வையுங்கள். 'முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும், உருத்திரபுரத்தை வதிவிடமாகவும், லண்டனைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் அந்த ஒரே வசனத்துக்குள் இடமும் உறவும் ஒழுங்காக அடுக்கியிருக்கும். 'காலஞ்சென்ற' என்ற சொல் யாருக்கெல்லாம் முன்னால் நிற்கிறதென்று பாருங்கள்; அந்தத் திகதிக்கு முன் யார் போய்விட்டார்களென்று தெரியும்.

ஏடு எரிந்துபோயிருந்தால்

'அதெல்லாம் சண்டையில போட்டுது' என்ற பதிலை நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். ஓர் அலுவலகத்தில் என்னை மூன்று தடவை அப்படித் திருப்பினார்கள். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் இன்னொரு பிரதி பதிவாளர் நாயகத்துக்குப் போயிருக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் தேடவேண்டிய காலப்பகுதியைச் சொல்லவேண்டும். "பழைய ஆள்" என்றால் தேடமாட்டார்கள். "1938, 1939" என்றால் தேடுவார்கள். மேலே சொன்ன புயலும் கலவரமும் இங்கேதான் கைகொடுக்கும்.

சனத்தொகைக் கணக்கெடுப்பு 1871இலிருந்து நடக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அச்சில் வந்தவை எண்ணிக்கைகள். உங்கள் பூட்டன் அதில் ஒரு இலக்கம், அவ்வளவுதான். அதைவிட வாக்காளர் இடாப்பு மேல். சர்வஜன வாக்குரிமை 1931இல் வந்தது. இடாப்பில் வீட்டு ஒழுங்கில் பெயர்கள் இருப்பதால் ஒரு கூரையின் கீழ் யார் யார் இருந்தார்களென்று பார்க்கலாம். எச்சில் எடுத்து அனுப்பும் மரபணுச் சோதனையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை. எங்கோ இருக்கும் ஒரு மச்சானைக் காட்டும். பூட்டியின் பெயரை அது சொல்லாது.

கேட்டதையெல்லாம் நம்பவேண்டாம்

நான் கேட்ட பத்து வீட்டில் ஏழு வீடு பண்டாரவன்னியன் வழி. வன்னியை ஆண்ட தலைவர் அவர்; 1803இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்தவர், அதே ஆண்டு ஐப்பசி 31இல் கற்சிலைமடுவில் தோற்றவர். அவருக்கு இத்தனை பேரப்பிள்ளைகள் இருந்திருந்தால் தோற்றிருக்கவே மாட்டார். 'அரச வம்சம்' என்று சொல்லும் இடத்தில் நடுவில் எத்தனை பேர், என்ன பெயர், எந்த ஊர் என்று கேளுங்கள். 1803க்கும் இன்றைக்கும் இடையில் ஏழெட்டுத் தலைமுறை வேண்டும். மூன்று பெயர்தான் சொன்னால் அது கதை; கதை என்றே குறித்து வையுங்கள், எறியவேண்டாம். ஏன் அந்தக் கதை தேவைப்பட்டதென்பதும் ஒரு தகவல்.

சாதி வரும். வந்தே தீரும். தேடுகிறவருக்கு அது தடயம்தான்: எந்தத் தொழில், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலுக்குள் விடவில்லை என்பதெல்லாம் இடத்தைக் காட்டும். ஆனால் உயிரோடிருப்பவர்களின் பெயரோடு சேர்த்து அதை வெளியில் போடாதீர்கள். தத்தெடுத்த பிள்ளை, இரண்டாம் தாரம் போன்றவையும் அப்படியே. என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது: ஒன்று எல்லோருக்கும், ஒன்று என் அலுமாரிக்கு.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தப் பத்திரம், எந்தத் திகதி என்று எழுதுங்கள். கடதாசியை மட்டும் நம்பாதீர்கள். உரப்பைக்குள் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஓடியும் நனைந்துபோன உறுதிகளைக் கண்டவர்கள் நாங்கள். ஃபோனில் படம் எடுத்து வெளிநாட்டில் ஒருவருக்கும் உள்ளூரில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

படம் ஓரளவு நிறைந்ததும் பெரிய தாளில் அச்சடித்து, சொன்னவர்களிடமே திரும்பக் கொண்டுபோய் விரித்துக் காட்டுங்கள். நான் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். அவ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் தாய்க்குக் கீழே ஒவ்வொரு பெட்டியாய் விரல் வைத்து எண்ணினா. ஏழு. திரும்பவும் எண்ணினா.

"எனக்கும் அண்ணைக்கும் நடுவில ஒண்டு இருந்தது. ஆறு மாதத்தில காய்ச்சல் வந்து போட்டுது. அதை ஏன் விட்டனீ?"

பெயர் என்னவென்று கேட்டேன். பெயர் வைக்கவில்லையாம். அவவின் விரலுக்குக் கீழே பேனையால் எட்டாவது பெட்டியைக் கீறி, 'பெண், ஆறு மாதம், தண்ணிமுறிப்பு' என்று எழுதினேன்.